வாட்ச்மேன் தூக்கி எறிந்த மூன்று வரிகள்

கிரி ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறார். திருப்பதியில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். "சார், புதுசா சேந்த பசங்களுக்கு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. க்ளையண்ட் கையில ப்ரோக்ராம் கோடைக் குடுத்துட்டு, அவங்க அதுல கை வைக்காம எப்படிக் காப்பாத்தினோம்னு. இப்ப எல்லாம் நம்ம சர்வர்லயே ஓடுது. அந்தக் கஷ்டமே இவங்களுக்குத் தெரியல சார்."

தெரியவில்லையாம்! தெரியாமலே நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே. நான் பட்டது போதாதா? சொன்னால் கேட்கிற ஆளா அவர்? அதனால் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டது போல இருக்காது.

என் பெயர் டி. சாமுவேல். சொந்த ஊர் சித்தூர். அறுபத்திரண்டு வயதாகியும் எங்கள் சபையில் என்னைச் 'சின்ன சாமுவேல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணக்கில் பட்டம் வாங்கினேன், ஓர் இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் கற்றுக்கொடுத்தேன், அங்கே ஒரு மூலையில் வந்து இறங்கிய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிப் புரோகிராம் எழுதப் பழகினேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மீதி எல்லாம் க்ளையண்டுகள் கற்றுக்கொடுத்தது.

எங்கள் தொழிலில் இருந்த சனியன் இதுதான். பள்ளிக்கூடம், லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று சின்னச் சின்ன இடங்களுக்கு, பிரவுசரில் ஓடுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். அது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். எழுதியது எழுதியபடி, வெறும் எழுத்தாக இருக்கும். நோட்பேடில் திறந்தால் யாரும் படிக்கலாம், யாரும் மாற்றலாம். சாப்பாட்டுக் கடைக்காரன் இலையில் சோற்றைப் போட்டு, கூடவே அடுப்பையும் கரண்டியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போன மாதிரி. நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

நகரியில் ஒரு பள்ளிக்கூடம். வருகைப் பதிவுக்குப் புரோகிராம் கொடுத்திருந்தோம். பரீட்சைக்கு முன்னால் நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருக்க வேண்டும். கரெஸ்பாண்டென்டின் மச்சான் உள்ளே புகுந்து ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டார்: எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் எழுபத்தைந்து என்று காட்டு. மண்டலக் கல்வி அதிகாரி வந்து பார்த்தால் பத்தாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தோரு பேருக்கு எழுபத்தைந்து. எழுபத்தாறும் இல்லை, எழுபத்தெட்டும் இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே? அந்த அதிகாரிக்கு மதி இருந்தது, கேள்வி கேட்டுவிட்டார். கரெஸ்பாண்டென்ட் கூசாமல், "சாஃப்ட்வேர்காரங்க பண்ண தப்பு சார்" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

நான் போய் நின்று, "இந்த வரி நாங்க எழுதினது இல்லைங்க" என்றேன். "நீங்க எழுதினது இல்லன்னு எப்படித் தெரியும்?" என்றார் மச்சான். எழுதியதே அவர்தான்! வெறும் எழுத்தில் யார் கைரேகை இருக்கும்? தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

எங்கள் முதலாளியைச் சார் என்றே சொல்கிறேன். தெலுங்குக்காரர், குட்டையான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மேசையில் வைப்பார். வைத்துவிட்டார் என்றால் அன்றைக்கு யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். நகரிக் கதையை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ருஜுவு ஏதி, சாமுவேல் காரு?"

ஆதாரம் எங்கே என்கிறார். அந்த ஒரு கேள்வியைத்தான் எனக்குத் தெரிந்து அவர் எல்லோரிடமும் கேட்டார். பஸ் லேட் என்றாலும் ருஜுவு, தலைவலி என்றாலும் ருஜுவு.

அதற்குப் பிறகுதான் ஆபீசில் நாங்கள் 'கைரேகை' என்று சொன்ன முறை வந்தது. ஒரு கோப்பை முழுக்கப் படித்து, அதற்கென்று அறுபத்துநான்கு எழுத்தில் ஓர் அடையாளத்தைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் மொத்தமும் மாறிவிடும். புரோகிராமை க்ளையண்ட் இடத்தில் ஏற்றிய அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை எடுப்போம். காகிதத்தில் அச்சடிப்போம். பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் கையெழுத்து, எங்கள் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று எங்கள் இரும்பு பீரோவுக்கு. புகார் வந்தால் வேறு பேச்சே கிடையாது. போ, கைரேகை எடு, காகிதத்தோடு ஒத்துப் பார். ஒருவர் திரையிலிருந்து கடைசி எட்டு எழுத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் காகிதத்தில் விரல் வைத்து "சரி" சொல்ல வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. சாரே வந்தாலும் அப்படித்தான்.

அடேயப்பா, எத்தனை முறை அந்தக் காகிதம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது! கீழ்த் திருப்பதியில் ஒரு லாட்ஜ்காரர் எங்கள் கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு மருமகன் பெயரைப் போட்டு, பக்கத்து லாட்ஜுக்கும் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார். காகிதத்தை நீட்டியதும் எல்லோரும் வாயை மூடினார்கள். பிறகு கோடையே படிக்க முடியாதபடி குழப்பிப் பூட்டிக் கொடுத்துப் பார்த்தோம். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர்களில் அது பாதி நாள் ஓடாது. "பூட்டைக் குடுத்தீங்க, சாவியைக் குடுக்கல" என்று காலையில் ஆறு போன் வரும். அதை விட்டுவிட்டு நான் ஒரு காவல் புரோகிராம் எழுதினேன். ஆபீசில் அதற்கு 'வாட்ச்மேன்' என்று பெயர்.

வாட்ச்மேன் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து எல்லாக் கோப்புகளின் கைரேகையையும் பார்க்கும். எது மாறியிருக்கிறதோ அதைத் தூக்கி 'குப்பை' என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, பூட்டி வைத்திருக்கும் அசலை எடுத்து வைக்கும். எனக்கு ஒரு மெயில் வரும்: 'இந்தக் கோப்பின் கைரேகை மாறியிருந்தது. மீட்கப்பட்டது.' அவ்வளவுதான். யாருடைய மச்சான் எந்தப் பகலில் என்ன கிறுக்கினாலும் மறுநாள் காலையில் அழிந்துவிடும். இதைச் செய்து முடித்த அன்று நான் மோர் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றாமலே, "பாகுந்தி" என்றார். அவர் வாயிலிருந்து நல்லது என்று வருவது லேசில்லை.

இனிமேல்தான் கிரி எழுதச் சொல்லாத பகுதி.

வடமாலபேட்டை தாண்டி, சென்னை ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நோயாளிகளைப் பதிவு செய்கிற புரோகிராம் எங்களுடையது. அங்கே இருந்த தொல்லை, ஒரே ஆளுக்கு ஐந்து நம்பர். சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள், ஒவ்வொரு முறையும் புது நம்பர் போடுவார்கள். அதை நிறுத்தச் சொன்னார்கள். நான் ஒரு விதி எழுதினேன். இனிஷியல், பெயர், ஊர், போன் நம்பர் நான்கும் ஒன்றாக இருந்தால் அது பழைய ஆள்தான். பழைய பதிவையே திறந்து அதன்மேல் எழுது. வயதை நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் வயது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? "அறுவதோ அறுவத்தஞ்சோ, நீயே பாத்துப் போடு நைனா" என்பார்கள். அதை நம்பி என்ன விதி எழுதுவது?

ஒருநாள் ஆபீசுக்கு ஒரு போன். "சார், ரெகார்டு ரூம்லேர்ந்து மஞ்சுளா பேசறேன். உங்க ப்ரோக்ராமு தாத்தாவையும் பேரனையும் ஒண்ணா சேத்துடுது சார்."

அன்றைக்கு அது பதினாலாவது போன். "ஃபார்ம் எழுதுங்கம்மா. உங்க ஏ.ஓ. ஸ்டாம்ப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. போன்ல சொல்றதுக்கெல்லாம் நாங்க கோடு மாத்தறதில்ல" என்றேன். ஏ.ஓ. என்பது அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி.

"ஃபார்ம் குடுத்து பத்து நாளாச்சு சார். அவுரு டேபிள்லயே கீது."

"அப்ப அவரைக் கேளுங்க." வைத்துவிட்டேன். வைத்த கையோடு மறந்தும் விட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ச்மேன் மெயில் வர ஆரம்பித்தது. பதிவுக் கோப்பின் கைரேகை மாறியிருந்தது, மீட்கப்பட்டது. மறுநாளும் அதே மெயில். அதற்கு மறுநாளும் அதே. யாரோ தினம் மாற்றுகிறார்கள், வாட்ச்மேன் தினம் அழிக்கிறது. பதினோரு நாள்! என்ன திமிர்! நகரி மச்சான்கூட ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாரே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கே போய் ரெகார்டு ரூம் வாசலில் நின்றேன்.

எட்டரைக்கு மஞ்சுளா வந்தார். முப்பது வயதிருக்கும். நகரிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. பாலிடெக்னிக் படித்து, அந்த வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கியவர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் பார்த்தது, பையை வைத்ததும் வைக்காததுமாக எங்கள் கோப்பை நோட்பேடில் திறந்த ஒரு கையைத்தான்.

"மாட்டினியாம்மா!" என்றேன். ஒருமையிலேயே சொன்னேன். எழுதவே கூசுகிறது.

அவர் பயந்து எழுந்தார். ஆனால் மழுப்பவில்லை. "சார், நான் போன்ல சொன்னேனே. தாத்தா பேரைத்தான பேரனுக்கு வெக்கறாங்க. இனிஷியலும் ஒண்ணாயிடுது. வூட்டுக்கு ஒரே போனு. இத்தப் பாருங்க சார், நான் இன்னா எழுதிக்கிறேன்னு..."

"பாக்க வேண்டியது இல்ல. கைரேகை மாறியிருக்கு, எனக்கு அது போதும். இது யாரு கையெழுத்து?" காகிதத்தை விரித்துக் காட்டினேன்.

"எங்க ஏ.ஓ. கையெழுத்து சார்."

"எந்தக் கோப்பிலயும் கை வைக்க மாட்டோம்னு போட்ட கையெழுத்து. நீ யாரு வைக்கறதுக்கு?"

"ஃபார்மும் குடுத்தேன், போனும் பண்ணேன் சார். நீங்க..."

நான் கேட்கவில்லை. ஏ.ஓ. அறைக்குப் போய், கோப்பைத் திருத்திய ஊழியரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடக் கூடாது, விட்டால் எங்கள் கம்பெனி எதற்கும் பொறுப்பில்லை என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவருக்கும் நிம்மதி, மேசையில் கிடந்த ஃபார்மைப் பற்றி இனி யாரும் கேட்கமாட்டார்கள். அன்று மத்தியானமே மஞ்சுளாவைப் படுக்கை விரிப்புகள் எண்ணி வைக்கும் துணி அறைக்கு மாற்றினார்கள். பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் வேலையே போய்விடும் என்று பேச்சு. மறுநாளிலிருந்து வாட்ச்மேன் மெயில் நின்றது. நான் சாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, பக்கத்து ஊரிலிருந்து ஜே. மோசஸ் என்ற பெரியவர் காலில் புண்ணோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜே. மோசஸ் உண்டு. அவருடைய பேரன், ஏழு வயது. பெரியவரின் மகன் எம். ஜான், ஜான் தன் அப்பா பெயரை மகனுக்கு வைத்தால் பழையபடி ஜே. மோசஸ். ஊர் ஒன்று, போன் ஒன்று. புரோகிராம் பேரனின் பதிவைத் திறந்தது. பேரனுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. அவன் பதிவின் உச்சியில் அது சிவப்புக் கட்டத்தில் இருந்தது. தாத்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று அதன்மேல் எழுதினார்கள். சிவப்புக் கட்டம் போய்விட்டது.

இரண்டாம் நாள் பேரனுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்ததால் தாத்தாதான் தூக்கிக்கொண்டு வந்தார். பதிவில் வயது அறுபத்துநான்கு என்று இருந்தது. அங்கே வயது எப்போதும் தப்பாகத்தானே இருக்கும்? கவுண்டரில் அதை அடித்து ஏழு என்று திருத்தினார்கள். டாக்டர் கேட்டபோது தாத்தா, "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல கீது டாக்டரம்மா" என்றார். டாக்டர் திரையைப் பார்த்தார். சிவப்பு இல்லை. ஊசி போட்டார்கள்.

சில நிமிடத்தில் பையனுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்தது. அங்கேயே மாற்று ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் புகார் வந்து, சாரும் நானும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மறுபடியும் யாரோ கை வெச்சிருக்காங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஏ.ஓ. அறை. முறைப்படி நடந்தது. நான் கைரேகை எடுத்தேன். திரையிலிருந்து கடைசி எட்டு எழுத்தைப் படித்தேன். சார் காகிதத்தில் விரல் வைத்து, "சரி" என்றார். அடுத்த கோப்பு. "சரி." அடுத்தது. "சரி." பதிவுக் கோப்பு வந்தது. எட்டு எழுத்தையும் படித்தேன். சாரின் விரல் காகிதத்தில் அப்படியே நின்றது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஏ.ஓ. நாற்காலியில் சாய்ந்தார். "எவ்வரூ கை வெக்கலியே? அப்படின்னா இது மீ ப்ரோக்ராமே கதா?"

யாரும் தொடவில்லை என்றால் இது உங்கள் புரோகிராம்தானே என்கிறார். எங்கள் புரோகிராம்தான். ஒரு காற்புள்ளி மாறாமல் நான் எழுதியபடியே இருந்தது. இத்தனை வருடம் எந்தக் காகிதத்தை நீட்டி ஊரார் வாயை அடைத்தேனோ, அது என் வாயை அடைத்தது. சார் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார். ருஜுவு எங்கே என்று அன்று கேட்கவில்லை.

அப்போதுதான், முதல் முறையாக, நான் குப்பை ஃபோல்டரைத் திறந்தேன். பதினோரு கோப்புகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மூன்று வரி. பெயரெல்லாம் ஒன்றாக இருந்து, வயதில் பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்து, கவுண்டரில் இருப்பவரைக் கேள். அறுபதா அறுபத்தைந்தா என்ற தொல்லை அதில் இல்லவே இல்லை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள தூரத்தை மட்டும்தான் அது பார்த்தது. எவ்வளவு எளிது! மேலே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'தாத்தா பேரு பேரனுக்கு. தயவுசெஞ்சி அழிக்காதீங்க.' பதினோராவது கோப்பில் மட்டும் 'சார்' என்று கூடச் சேர்த்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் பதிவு தொடங்குவது ஒன்பது மணிக்கு. வாட்ச்மேன் ஆறு மணிக்கு அழிக்கும். மஞ்சுளா எட்டரைக்கு வந்து திரும்ப எழுதுவார். அந்தப் பதினோரு நாளும் அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. வேலியைப் போட்டவன் நான். பயிரை மேய்ந்ததும் என் வேலிதான்.

சார் துணி அறையிலிருந்து மஞ்சுளாவை வரவழைத்து, நாற்காலி போடச் சொன்னார். மூன்று வரியையும் அவரே எழுதட்டும் என்றார். எழுதினார். புதிய கைரேகை எடுத்தோம். காகிதத்தில் மூன்றாவதாக ஓர் இடம் கோடு போட்டு, "இக்கட மீரு சந்தகம் பெட்டண்டி அம்மா" என்றார், கையெழுத்துப் போடுங்கள் என்று.

"என் பேரு எதுக்கு சார்? நாளிக்கு எதுனா ஆனா என் தலையில கட்றதுக்கா?"

சார் பேனாவை மட்டும் நீட்டினார். மஞ்சுளா காகிதத்தை இழுத்து, எட்டு எழுத்தையும் திரையோடு தானே ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் போட்டார். என்னிடம் பேனாவைக் கொடுக்கும்போது சொன்னார்: "அன்னிக்கு நான் சொல்லிக்கினே இருந்தேன் சார். நீங்க காகிதத்தையே பாத்துக்கினு இருந்தீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றார். அது மன்னித்த சரியா, எட்டு எழுத்துக்குச் சொல்கிற சரியா, எனக்குத் தெரியாது. என் கடிதத்தை நான் திரும்பப் பெற்றேன். அவரை ரெகார்டு ரூமுக்கே மாற்றினார்கள். வாட்ச்மேனையும் திருத்தினேன். அழிப்பதற்கு முன், எந்த வரி மாறியது என்று மனிதர் ஒருவர் படித்தே ஆக வேண்டும். கிரி, உங்கள் பசங்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். கோடு இப்போது உங்கள் சர்வரிலேயே பத்திரமாக இருக்கிறதாம். மஞ்சுளா மாதிரி ஒருவர் இனி எங்கே போய் எழுதுவார்?

நாலாம் நாள் சித்தூருக்குப் போகிற வழியில், திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கினேன். பையன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். கண் இமை மட்டும் இன்னும் வீங்கியிருந்தது. பக்கத்தில் ஜான். புரோகிராம் எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எந்த ஊரு சார் நீங்கோ?"

"சித்தூரு."

"வேதக்கோயிலுக்குப் போறவங்களா? பேரு?"

"டி. சாமுவேல்."

"டி-ன்னா?"

"தேவதாஸ். எங்க அப்பா எஸ். தேவதாஸ்."

ஜான் இட்லிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே யோசித்தார். "அப்போ உங்க தாத்தாவும் டி. சாமுவேலா சார்?"

"ஆமா." சபைப் பதிவேட்டில் அவர் பெரிய சாமுவேல். நான் சின்ன சாமுவேல். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயருக்குத் தெரிந்து, இரண்டு பேரையும் பிரித்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜான் குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்ப உங்களுக்கே தெரியுமே சார்?"

"தெரியும்பா" என்றேன்.